பழவேற்காட்டின் தாள்கள்: ஓர் ஏரிக்கரையின் ஆவணங்கள் நகரங்களுக்குப் போன வரலாறு

பழவேற்காட்டின் வரலாற்றை எழுத முனைகிறவர் பழவேற்காட்டில் இருந்துகொண்டு எழுத முடியாது. பதினேழாம் நூற்றாண்டுக்கு நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்குப் போக வேண்டும். ஆங்கிலேயர் காலத்துக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் உட்கார வேண்டும். மீனவர்கள் வலை போடும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்னும் ஏற்பாட்டைப் பற்றிய விரிவான ஆய்வோ, ரோமில் உள்ள ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வெளியீடாக 1991ல் வந்தது. ஊரில் எஞ்சியிருப்பவை டச்சுக் கல்லறைகள், கோட்டை இருந்த மேடு, சில கோயில் கல்வெட்டுகள் ஆகியவைதாம். இந்த நிலைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. கடலோர உப்புக்காற்றில் தாள் நிற்காது என்பது ஒன்று. மீனவர் எழுதி வைக்கும் பழக்கம் இல்லாதவர் என்பது மற்றொன்று. இரண்டும் போதுமான விளக்கம் அல்ல என்பது என் கருத்து. இந்த ஏரிக்கரையை ஆண்ட ஒவ்வோர் அதிகாரமும் தன் தலைநகருக்குத் தேவையானதைப் படியெடுத்து அனுப்பியது. அனுப்பிய படி பிழைத்தது, ஊரில் தங்கியது அழிந்தது. பின்னர் வந்த நூலக இயக்கம் நகரத்திலிருந்து ஊருக்குப் புத்தகம் கொண்டுவர வழி செய்தது. ஊரின் தாள்களுக்கு மட்டும் யாரும் இடம் ஒதுக்கவில்லை.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1610ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தது. இரண்டாண்டில் சாந்தோம் போர்த்துகீசியர் அதைத் தாக்கினர். 1613ல் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. அன்று முதல் 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இந்த ஊர்தான். துணி, வெடிமருந்து, அடிமைகள் என்று மூன்றும் இங்கிருந்து கப்பலேறின. அந்த எண்பது ஆண்டுகளில் கோட்டைக்குள் எழுத்தர்கள் எழுதிய தாளுக்கு அளவில்லை: நாட்குறிப்பு, தீர்மானம், கணக்கு, கடிதம். முக்கியமான எதையும் ஒரே பிரதியாக எழுதி நிறுத்திக்கொள்ளும் வழக்கம் கம்பெனியிடம் இல்லை. பழவேற்காட்டுக் கடிதத்தின் ஒரு படி கோட்டையில் தங்கும். மூலம் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போகும். அங்கே மீண்டும் படியெடுத்து, மற்ற ஊர்க் கடிதங்களோடு சேர்த்துக் கட்டி, ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்புவார்கள். பத்தாவியாவிலிருந்து எழுதப்படும் பொது அறிக்கையில் பழவேற்காட்டின் ஓராண்டு சில பத்திகளாகச் சுருங்கும். இந்த முறையால்தான் இன்று நமக்குப் பழவேற்காட்டின் பதினேழாம் நூற்றாண்டு கிடைக்கிறது. கிடைப்பது ஆம்ஸ்டர்டாம் இயக்குநர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில் என்பதை மறந்துவிடக் கூடாது.

கோட்டையில் தங்கிய படிகள் என்னவாயின என்பதை அரசியல் மாற்றங்களே சொல்கின்றன. 1690ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1781ல் நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் ஆங்கிலேயர் பிடித்தார்கள். நாகை கைவிட்டுப் போனதால் 1785ல் திரும்பக் கிடைத்த பழவேற்காடு மீண்டும் தலைமையிடமானது. 1795ல் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு, 1818ல் டச்சுக்காரர் கைக்கு, 1824 உடன்படிக்கையின்படி 1825ல் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கு என்று ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் தாள் பெட்டிகள் கட்டப்படும், பிரிக்கப்படும், சில விடுபடும். இன்று எழும்பூரில் இருக்கும் டச்சு ஆவணங்களில் பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தது. 1908க்கும் 1911க்கும் இடையில் சென்னை அரசு அச்சிட்ட டச்சு ஆவணத் தொகுப்பு வரிசையும் மலபாரைப் பற்றியதே. பழவேற்காட்டிலிருந்து அறுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள காப்பகத்தில் கொச்சி நிறைந்திருக்க, பழவேற்காட்டைத் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியிருப்பது, ஆவணங்கள் இட அருகாமையைப் பார்த்துத் தங்குவதில்லை என்பதற்கு நல்ல சான்று.

தாள் மட்டும் அல்ல, இந்த ஊரில் சேகரித்த அறிவும் அதே வழியில்தான் போனது. 1630களில் கெல்டிரியாவுக்குப் போதகராக வந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபர் என்ற பிராமணரிடம் கேட்டுத் தென்னிந்திய இந்துக்களின் சமயத்தையும் வழக்கங்களையும் எழுதினார். அவர் இறந்த பிறகு 1651ல் அந்நூல் லைடன் நகரத்தில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் பாடல்கள் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழியில் அச்சேறியது அதில்தான். பழவேற்காட்டில் பேசிக் கேட்டு உருவான நூல், ஐரோப்பிய அறிஞர் உலகில் பல தலைமுறை படிக்கப்பட்டது. ஊருக்குள் அதற்கு வாசகர் இல்லை. அந்நூலில் பிராமணரின் சடங்குகள் விரிவாக இருக்கின்றன. கோட்டை மதிலுக்கு வெளியே வலை உலர்த்தியவர்களுக்கு அந்த விரிவு கிடைக்கவில்லை. கம்பெனிக் கடிதங்களிலும் கரையோர மக்கள் தலைகாட்டுவது படகு வேண்டியபோதும், பஞ்சத்தில் ஆள் விலைக்கு வந்தபோதும்தான். 1622-23ல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து 1,900 அடிமைகள் அனுப்பப்பட்டதாக வரலாற்றாசிரியர் மார்கஸ் விங்க் கம்பெனிக் கணக்குகளிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. சரக்குக் கணக்கில் பெயர் தேவைப்படவில்லை.

இந்த ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டு நல்ல வரலாறு எழுதப்படவில்லை என்று சொல்ல முடியாது. தபன் ராய்சௌதுரியின் சோழமண்டலக் கம்பெனி வரலாறு 1962ல் வந்தது. அது 1605ல் தொடங்கி 1690ல் முடிகிறது, அதாவது தலைமையிடம் பழவேற்காட்டை விட்டுப் போன ஆண்டில். யாழ்ப்பாணத்து நவாலியில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் டச்சு மொழியை வசப்படுத்திக்கொண்டு 1986ல் இக்கரை வணிகர்களைப் பற்றி எழுதிய நூல் இன்றும் தவிர்க்க முடியாதது. சஞ்சய் சுப்ரமணியம் 1990ல் எழுதியது அதற்கு முந்தைய காலத்தை நிரப்பியது. மூவரும் கம்பெனித் தாளைக் கம்பெனியின் கண்ணால் படிக்காமல் உள்ளூர் வணிகரை வெளியே கொண்டுவந்தார்கள். ஆனால் வணிகர் வெளியே வந்ததற்கும் மீனவர் வராததற்கும் காரணம் ஒன்றே: வணிகரோடு கம்பெனி ஒப்பந்தம் எழுதியது, மீனவரோடு எழுதவில்லை. ஆய்வாளரின் திறமை எத்தனை பெரிதானாலும் அனுப்பப்படாத தாளை அவர் படிக்க முடியாது.

ஆங்கிலேயர் காலத்தில் தலைநகரம் பக்கத்தில் வந்தது, முறை மாறவில்லை. ஏரி இரண்டு மாவட்டங்களில் கிடந்தது. வடக்கும் நடுவும் நெல்லூர், தெற்கு செங்கல்பட்டு. ஆகவே 1873ல் வந்த பாஸ்வெல்லின் நெல்லூர்க் கையேட்டில் ஒரு பாதியும், 1879ல் வந்த குரோலின் செங்கல்பட்டுக் கையேட்டில் மறு பாதியுமாக ஏரி பிரிந்து கிடக்கிறது. வருவாய்த் துறைக்கு ஏரி என்பது உப்பு, கால்வாய், குத்தகை. தொல்லியல் துறைக்கு அது கல்லறை: அலெக்சாண்டர் ரீ 1897லும், ஜூலியன் காட்டன் 1905லும் டச்சுக் கல்லறைகளின் பொறிப்புகளைக் கவனமாகப் படியெடுத்து அச்சிட்டார்கள். அதே ஊரின் உயிரோடிருந்த குப்பங்களுக்கு அந்தக் கவனம் கிடைக்க 1907ல் பிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்வளப் பிரிவு தொடங்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு ஜேம்ஸ் ஹார்னல் போன்றவர்கள் வலை, படகு, பிடிக்கும் முறை ஆகியவற்றை நுணுக்கமாக எழுதினார்கள். வலையின் கண்ணளவு வரை பதிந்த துறை, யாருக்கு எந்த இடத்தில் வலை போட உரிமை என்பதில் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. மீனை அதிகம் பிடிக்க வைப்பது அதன் வேலை. உரிமையைப் பதிவது அதன் வேலைக்குள் வரவில்லை. 1953ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது நெல்லூர் போனது; 1997ல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து திருவள்ளூர் பிரிந்தது; 2022ல் சூளூர்பேட்டைப் பகுதி நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. ஒரே ஏரியின் கிராமங்களுக்குப் பழைய தாள் தேடுகிறவர் இரண்டு மாநிலங்களின் எத்தனை பதிவறைகளில் அலைய வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

இதே காலத்தில் சென்னை நூலகங்களின் நகரமாக வளர்ந்தது. 1812ல் சென்னை இலக்கியச் சங்கம், 1869ல் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், 1896ல் கன்னிமாரா, 1909ல் எழும்பூரில் ஆவணங்களுக்கென்றே கட்டப்பட்ட மாளிகை என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924ல் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தார். 1928ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. 1931ல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஊர் ஊராகப் போனது. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948ல் நிறைவேறிய பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, சொத்து வரியோடு நூலக வரி, கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்று இன்று நாம் காணும் அமைப்பு முழுதும் அதிலிருந்து வந்தது. இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வட இந்தியாவின் பல மாநிலங்களில் இன்றும் இதற்கு நிகராக ஒன்றில்லை. ஆனால் சட்டம் நூலகத்தை வாசகனிடம் புத்தகம் சேர்க்கும் இடமாக மட்டுமே கருதியது. ரங்கநாதனின் ஐந்து விதிகளும் புத்தகத்தையும் வாசகனையும் நூலகத்தையும் பற்றியவை. அச்சாகாத தாளைப் பற்றி அவை பேசவில்லை. 1954ல் வந்த நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றும் கன்னிமாராவுக்கு வர வேண்டும். அச்சுக்கு அந்த மரியாதை. குப்பத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பாடு முறைப் பட்டியலுக்கு அரசிடம் எந்த அலமாரியும் கிடையாது. நூலகத் துறையும் ஆவணக் காப்பகத் துறையும் தனித்தனியே நின்றதால், ஊரின் தாளைச் சேர்ப்பது யாருடைய வேலையாகவும் ஆகவில்லை.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பழவேற்காட்டில் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் நீரோட்டத்தோடு இறால் வரும். கம்பு நட்டுச் சுத்து வலை கட்டினால் நல்ல வரத்து. எல்லோரும் ஒரே இடத்தில் கட்ட முடியாது. ஓர் இடத்துக்கும் அடுத்ததற்கும் வரத்தில் பெரிய வேறுபாடு உண்டு. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவ மீனவர்களும் பாடு என்னும் முறையை வைத்திருக்கிறார்கள். தலைக்கட்டுக் கணக்கில் பெயர் சேர்த்து, குலுக்கிப் போட்டு, யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று முறை வைப்பார்கள். நல்ல இடமும் சுமாரான இடமும் சுற்றி வரும். இதை நடத்த எண், பெயர், நாள், விடுபட்டவருக்கு ஈடு, புதிதாக மணமாகித் தலைக்கட்டு ஆனவரைச் சேர்ப்பது என்று கணக்கு வேண்டும். ஆகவே மீனவர் எழுதி வைக்காதவர் என்ற பேச்சு இங்கே நிற்காது. அவர்களின் கணக்கு ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தேவைப்பட்ட காலம் வரை இருந்தது. கம்பெனி தன் கணக்குகளை ஆண்டுதோறும் வெளியூருக்குப் படியெடுத்து அனுப்பியது. ஊர் அனுப்பவில்லை, அனுப்ப ஒரு மேலிடம் அதற்கு இல்லை. வேறுபாடு அவ்வளவுதான். செபாஸ்டியன் மேத்யூ இம்முறையை ஆராய்ந்து எழுதியபோது அது ரோம் வெளியீடானது. சாரா குல்தார்ட் 2000களில் செய்த ஆய்வு ஆங்கில ஆய்விதழில் வந்தது. கெல்டிரியாக் கோட்டையின் கடிதங்கள் போன அதே வழியில் ஊரின் சொந்த வழக்கமும் போயிற்று. இம்முறை அதிகாரம் வற்புறுத்தவில்லை, அக்கறை கொண்டு போனது என்பதை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் ஆவணக் காப்பாளர்கள் சொல்லக்கூடிய மறுப்பு எளிதானது: நகரத்துக்குப் போனதால்தான் பிழைத்தன. 2003ல் யுனெஸ்கோ டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தபோது அவை இருந்தது ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், சென்னை ஆகிய நகரங்களில். பழவேற்காட்டில் விட்டிருந்தால் ஒரு தாளும் மிஞ்சியிருக்காது. இது உண்மை. ஆனால் இந்த உண்மை நிறுவுவது பல இடங்களில் படி இருப்பதன் நன்மையைத்தான். நகரம் பாதுகாப்பானது என்பதை அது நிறுவவில்லை. 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. படி இல்லாத சுவடிகள் திரும்பவே இல்லை. அதுவும் நகரம்தான், நல்ல கட்டடம்தான். மேலும், மூலத்தை ஊருக்குக் கொண்டுபோ என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் அவர் மறைவுக்குப் பிறகு சென்னைக்கு வந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் பணம் கொடுத்தது, ஆனால் மூலம் தமிழ்நாட்டில் தங்கி நுண்படச் சுருள் அமெரிக்கா போனது. 1994ல் தொடங்கிய அந்த நூலகம், மூலம் ஓரிடத்திலும் படி இன்னோரிடத்திலும் இருப்பது நம்மால் நடத்தக்கூடியதே என்று காட்டியது. கோட்டையூர்க்காரர்களுக்கு என்ன மிஞ்சியது என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது என்பது வேறு.

அடுத்த மறுப்பு இன்றைய மறுப்பு: எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, இனி ஊர் எது நகரம் எது? நெதர்லாந்தில் குளோபலைஸ் என்ற திட்டத்தில் கம்பெனியின் சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கணினி கையெழுத்தறிதல் மூலம் தேடக்கூடியதாக மாற்றி வருகிறார்கள். பெரிய கொடை. ஆனால் அது பதினேழாம் நூற்றாண்டு டச்சு மொழியைத் தேடித் தரும். பொன்னேரிக் கல்லூரி மாணவர் அதில் பழவேற்காடு என்று தட்டச்சு செய்தால் ஒன்றும் வராது. ஊர்ப் பெயரின் டச்சு எழுத்துமுறைகள், ஆள் பெயர்கள், பொருள் பெயர்கள் ஆகியவற்றுக்கு ஒரு தமிழ் அகரவரிசை இல்லாத வரை அந்தப் பக்கங்கள் ஹேக்கில் இருப்பதும் திரையில் இருப்பதும் இவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றே.

பழைய தாள் மீனவனுக்கு எதற்கு, அவனுக்கு வேண்டியது திறந்த முகத்துவாரமும் டீசல் மானியமும் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் எண்ணூரைப் பார்க்க வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தைக் காட்டி 1996ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடம் ஒன்று இருந்தது. பிற்பாடு புழங்கிய வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதி இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி இரண்டையும் எடுத்து 2017ல் பொதுவில் வைத்தபோதுதான் வேறுபாடு பேசுபொருளானது. அலமாரியில் கிடந்த ஒரு தாள், ஒரு நீர்நிலை இருந்ததா இல்லையா என்ற வழக்காகிவிட்டது. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 2011 முதல் மீனவர் குடியிருப்பையும் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் போன்ற திட்டங்களின் விசாரணையில் வழக்காற்று உரிமையைச் சொல்லும் மீனவரிடம் கேட்கப்படுவது ஆதாரம். ஆதாரத்தின் முகவரி தெரிந்தவர் நகரத்து வழக்கறிஞரும் ஆய்வாளரும்.

எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றும் மறுப்பு இவற்றுள் எதுவும் இல்லை. பாடு வளைந்து கொடுப்பதால் வாழ்கிறது. எழுதிக் காப்பகத்தில் வைத்தால் உறைந்துபோகும், இன்றைய பட்டியலே என்றைக்குமான உரிமைச் சீட்டாகிவிடும் என்பது அது. இதில் நியாயம் இருக்கிறது. மூன்று குப்பங்களின் பட்டியலில் இல்லாத ஊர்கள் இருக்கின்றன. இறால் ஏற்றுமதிக்கு விலை கூடிய பிறகு அவர்களோடு மோதல்கள் வந்தன. ஏரியில் வலையில்லாமல் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் எந்தப் பாடு முறையிலும் இல்லை. பாட்டுப் பட்டியல் மட்டும் காப்பகமேறினால், நாளைக்கு அது இவர்களுக்கு எதிரான சான்றாகும். கம்பெனித் தாளில் மீனவர் இல்லாமல் போனது போல, மீனவர் தாளில் இருளர் இல்லாமல் போவார்கள்.

ஆகவே ஊரின் தாளை ஊரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி முடித்துவிட முடியவில்லை. பட்டியல் வைத்திருக்கும் ஊர்த்தலைவரான நாட்டாரின் வீட்டுப் பெட்டியில், பட்டியலுக்கு வெளியே இருப்பவரின் வாக்குமூலத்துக்கு இடம் இருக்காது. அதற்கு எல்லோருக்கும் பொதுவான, எல்லோரும் வரி கட்டும் ஓர் இடம் வேண்டும். 1948 சட்டம் உருவாக்கிய கிளை நூலகத்தைத் தவிர அப்படி ஓர் இடம் ஏரிக்கரையில் எனக்குத் தென்படவில்லை. ஹேக்கிலிருந்தும் எழும்பூரிலிருந்தும் வரும் படிகள், தமிழ் அகரவரிசை, இரண்டு மாவட்டக் கையேடுகளின் ஏரிப் பகுதிகள், பாட்டுப் பட்டியலின் படி, அதன் பக்கத்திலேயே பாட்டில் இல்லாத ஊர்களும் இருளரும் சொன்னவற்றின் ஒலிப்பதிவு ஆகியவை ஓர் அலமாரிக்கும் ஒரு கணினிக்கும் அடங்கும். பட்டியலில் எந்தப் பகுதியை யார் பார்க்கலாம் என்பதை ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்யலாம். இருளர் பதிவின் திறவுகோல் இருளரிடம் இருக்க வேண்டும். மாவட்ட நூலக ஆணைக்குழு இதற்குச் செய்ய வேண்டிய முதல் வேலை, கிளை நூலகரின் பணிப் பட்டியலில் உள்ளூர் ஆவணம் சேர்ப்பது என்று ஒரு வரி எழுதுவது.